ஆன்லைன் டாக்டர் "வேணாம்"னு சொல்வாரா?

முடி கொட்டுதேன்னு ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல தேடிட்டிருந்தேன், ஒரு விளம்பரம் வந்துச்சு, தட்டினேன், வரிசையா கேள்வி வந்துச்சு, பதில் போட்டேன், தலையை மூணு பக்கமும் போட்டோ எடுத்து ஏத்தினேன், காசு கட்டிட்டு படுத்துட்டேன். காலைல எந்திரிச்சப்ப "உங்க சிகிச்சைக்கு டாக்டர் ஒப்புதல் குடுத்துட்டார்"னு மெசேஜ் வந்து கெடக்கு. மூணாவது நாள் டப்பா கைக்கு வந்துடுச்சு. டாக்டர் பேரு அதுல இருந்துச்சு, பதிவு எண்ணும் இருந்துச்சு, ஆனா அவர் குரலை நான் கேட்டதில்ல, முகத்தை பாத்ததில்ல, பேரை வச்சு தான் ஆம்பளையா இருக்கணும்னு ஊகிச்சேன். நான் தூங்கின அந்த ஏழு மணி நேரத்துல என்ன தான் நடந்துச்சுன்னு அப்புறம் கொஞ்சம் தோண்டிப் பாத்தேன், அது தான் இந்தக் கட்டுரை.

இந்த சேவைங்களை பத்தி பேசினா ஒரு கூட்டம் "அட டாக்டரே கிடையாதுப்பா, எல்லாம் கம்ப்யூட்டரு தட்டி விடுது"ங்கும், இன்னொரு கூட்டம் "அதே கிளினிக் தான், போன்ல வந்திருக்கு, அவ்ளோதான்"ங்கும். ரெண்டுமே பாதி தான் சரி. சட்டப்படி நடக்குற சேவைல நெஜமான டாக்டர் இருக்கார், படிச்சவர், பதிவு பண்ணினவர். ஆனா கிளினிக்ல ஒரு டாக்டர் உங்களை உக்கார வச்சு கேட்டு, தொட்டு, பாத்து பண்ற வேலைல முக்கால்வாசியை இங்க வேற யாரோ ஆறு மாசம் முன்னாடியே பண்ணி முடிச்சிருப்பாங்க, அதாவது அந்தக் கேள்விகளை எழுதினவங்க. இதெல்லாம் பாக்கும்போது நான் கையில வச்சிருக்குற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு தான்: இந்த வரிசையில எந்த எடத்துல யாரால "இந்த மருந்து உனக்கு வேணாம்"னு சொல்ல முடியும், அப்படி சொன்னா யாரு பாக்கெட்ல இருந்து காசு போகும்.

மொதல்ல வகை. ஒண்ணு நேரலைல பேசுறது, வீடியோலயோ போன்லயோ டாக்டர் உங்க கூட அதே நேரத்துல இருப்பார். இன்னொண்ணு எழுதி வச்சுட்டு போறது, நீங்க ஃபார்ம் போட்டு வைப்பீங்க, அவர் தனக்கு நேரம் கெடைக்கும்போது பாப்பார், சந்தேகம் இருந்தா மெசேஜ் போடுவார், இல்லைன்னா நேரா முடிவு. முதல் வகை ரொம்ப பழசு, டெலிபோன் வந்து ரெண்டு மூணு வருஷத்துலயே, 1879ல, லான்செட் மருத்துவ இதழ்ல இதை வச்சு தேவையில்லாத அலைச்சலை குறைக்கலாம்னு எழுதியிருக்காங்க. ரெண்டாவது வகை, அதான் இப்ப நம்ம போன்ல விளம்பரமா வந்து விழுறது, அது இன்டர்நெட்டோட பொறந்தது. 1998 மார்ச்ல அமெரிக்கால சில்டனாஃபில் மாத்திரைக்கு, அதான் வயாகராவுக்கு, அனுமதி கெடைச்சுச்சு, கொஞ்ச நாள்லயே நாலு கேள்வி கேட்டுட்டு அதை வீட்டுக்கு அனுப்புற வெப்சைட்டுங்க மொளைச்சிடுச்சு. ஏன் அந்த மாத்திரைல ஆரம்பிச்சதுன்னு சொல்லவே வேணாம். டாக்டர் முன்னாடி உக்காந்து வாயால சொல்ல கூசுற விஷயம் எதுவோ அதுக்குத்தான் ஃபார்ம் முதல்ல வந்துச்சு, இன்னிக்கும் லிஸ்ட் எடுத்துப் பாருங்க, முடி, ஆண்மை, கருத்தடை, முகப்பரு, உடம்பு எடை, மனசு. எல்லாமே கூச்சம் இருக்குற எடம், எல்லாமே மாசாமாசம் வாங்கிட்டே இருக்க வேண்டிய மருந்து. அந்த ரெண்டாவது விஷயம் முக்கியம், அதுக்கு பின்னாடி வர்றேன்.

சரி, ஃபார்ம். ஏதோ சம்பிரதாயத்துக்கு கேக்குறாங்கன்னு தான் நாம எல்லாரும் விறுவிறுன்னு தட்டிட்டு போறோம், நானும் அப்படித்தான் தட்டினேன். ஆனா ஒழுங்கா எழுதின ஃபார்ம்ல ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாடி ஒரு ஆபத்து உக்காந்திருக்கு. சில்டனாஃபில் கேக்குறவங்க கிட்ட "நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்குற மாத்திரையோ ஸ்ப்ரேயோ வச்சிருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி வரும். அது நைட்ரேட் வகை மருந்து. ரெண்டுமே ரத்தக் குழாயை தளர்த்துறது, சேந்து உள்ள போனா பிரஷர் கிடுகிடுன்னு இறங்கி ஆளே போயிடலாம். கருத்தடை மாத்திரைக்கு "ஒத்தைத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வளைஞ்ச கோடு, மின்னல் மாதிரி வெளிச்சம் தெரியுமா"ன்னு கேப்பாங்க, பாக்குறவங்களுக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா அந்த வகை மைக்ரேன் இருக்குறவங்க ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்தா பக்கவாதத்துக்கான வாய்ப்பு கூடுது. அதே மாத்திரைக்கு "வயசு 35க்கு மேலயா, சிகரெட் புடிப்பீங்களா, கடைசியா பிரஷர் எவ்ளோ இருந்துச்சு" எல்லாம் வரும், காரணம் அதே தான், ரத்தம் கட்டுறது. இதுல பிரஷர் கேள்வி ரொம்ப பலவீனமான கேள்வின்னு எனக்கு தோணும், ஏன்னா வீட்டுல மெஷின் இல்லாதவங்க நூத்துக்கு எண்பது பேர் 120க்கு 80ன்னு தான் போடுவாங்க (எண்பது பேர்னு நான் சும்மா ஒரு பேச்சுக்கு சொல்றேன், ஆனா நீங்களும் அதையே தான் போடுவீங்க).

முடிக்கு குடுக்குற ஃபினாஸ்டெரைடு மாத்திரைய எடுத்துக்கோங்க. ப்ராஸ்டேட் கேன்சர் இருக்கான்னு பாக்க பிஎஸ்ஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க இல்லையா, இந்த மாத்திரை அந்த அளவை கிட்டத்தட்ட பாதியா குறைச்சு காட்டிடும். மாத்திரை எடுக்குறது உங்க வழக்கமான டாக்டருக்கு தெரியலைன்னா அவர் ரிப்போர்ட்டை பாத்து "நல்லா இருக்கு, போங்க"ன்னு அனுப்பிடுவார். ஆன்லைன்ல வாங்குற மருந்து நம்ம மத்த மருத்துவ ரெக்கார்டோட சேராம தனியா ஒரு தீவுல கெடக்குறதால வர்ற பிரச்சனைக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. இன்னொரு கேள்வியும் அதுக்கு வரும், "மனச்சோர்வுக்கு எப்பவாவது சிகிச்சை எடுத்திருக்கீங்களா". பிரிட்டன்ல மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மே மாசம் இந்த மாத்திரையால மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், பாலியல் பிரச்சனை வரலாம்னு மறுபடி எச்சரிச்சு, டப்பாக்குள்ளயே ஒரு எச்சரிக்கை அட்டை வைக்க சொன்னாங்க.

இப்ப என் கதையில நான் மறைச்சு வச்ச பகுதியை சொல்லிடுறேன். அந்தக் கேள்விக்கு நான் "ஆமா"ன்னு தான் போட்டேன், ஏன்னா சில வருஷத்துக்கு முன்னாடி எடுத்திருக்கேன். ஸ்க்ரீன்ல சிவப்பு கலர்ல "இந்த சிகிச்சை உங்களுக்கு பொருந்தாம இருக்கலாம்"னு வந்து நின்னுடுச்சு. நான் என்ன பண்ணினேன், மேல இடது மூலைல இருக்குற அம்புக்குறியை தட்டி பின்னாடி போயி "இல்லை"ன்னு மாத்தினேன். சிவப்பு போயிடுச்சு, அடுத்த கேள்வி வந்துடுச்சு. கிளினிக்ல இதை பண்ண முடியுமா? "டாக்டர், நான் இப்ப சொன்னதை மறந்துடுங்க, மறுபடி கேளுங்க"ன்னு சொல்ல முடியுமா? நல்லா கட்டின சிஸ்டம்னா பதிலை மாத்தினதையும் பதிஞ்சு வச்சு, "முதல்ல ஆமான்னார், பன்னெண்டு செகண்டுல இல்லைன்னார்"னு டாக்டர் பாக்குற ஸ்க்ரீன்ல காட்டணும். என்னோடதை காட்டுச்சா இல்லையான்னு எனக்கு தெரியாது, காலைல ஒப்புதல் வந்ததை பாத்தா காட்டியிருக்காதுன்னு தான் நெனைக்கிறேன். இந்த மாதிரி கூத்தை எல்லாம் பாத்துட்டு தான் பிரிட்டன்ல ஃபார்மசிகளை கண்காணிக்குற கவுன்சில் 2019ல ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு, டாக்டர் ஆலோசனை முடியறதுக்கு முன்னாடியே ஆளு மருந்தையும் எத்தனை மாத்திரைங்கறதையும் செலக்ட் பண்ற மாதிரி வெப்சைட் இருக்க கூடாதுன்னு. படிக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா யோசிச்சு பாருங்க, மருந்தை கூடைல போட்டதுக்கு அப்புறம் கேள்வி கேட்டா, அந்தக் கேள்வி எல்லாம் பில் போடுற எடத்துல நிக்குற தடை மாதிரி தான் தோணும், எப்படியாவது தாண்டணும்னு தான் கை போகும்.

இப்ப அந்தப் பக்கம் போவோம், டாக்டர் நாற்காலி. அவர் முன்னாடி ஒரு வரிசை ஓடுது. உங்க வயசு, எடை, பதிலுங்க, போட்டோ, கேட்ட மருந்து, ஏதாவது பதில் இடிச்சா அதுக்கு மஞ்சள்லயோ சிவப்புலயோ ஒரு அடையாளம். கீழ மூணு பட்டன் மாதிரி: ஒப்புதல், கேள்வி கேளு, நிராகரி. ஒரு கேஸுக்கு ரெண்டு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ. சுத்தமா இருக்குற கேஸுக்கு அது போதும்னு தான் நானும் சொல்வேன், ஒரு வருஷமா அதே கருத்தடை மாத்திரையை எடுத்துட்டு இருக்குற, பிரஷர் சரியா இருக்குற 26 வயசு பொண்ணுக்கு அரை மணி நேரம் என்னத்த பேச. பிரச்சனை வர்றது டாக்டருக்கு சம்பளம் எப்படிங்குறதுல. மணிக்கணக்குல சம்பளம்னா ஒரு கேஸை பத்து நிமிஷம் நோண்டலாம். கேஸ் கணக்குல சம்பளம்னா, "கேள்வி கேளு"ன்னு பட்டனை அமுக்கினா நாலு மெசேஜ் போகும் வரும், அதே காசு தான், "ஒப்புதல்"னா ஒரே தட்டு. யாரும் கெட்டவங்களா இருக்க வேண்டியதில்ல, சோர்வு போதும்.

அதுக்கு மேல ஸ்டார் ரேட்டிங் வேற. அமெரிக்கால வீடியோ டாக்டர் சேவை ஒண்ணுல சளி, தொண்டை, சைனஸ்னு வந்தவங்க 8,000 பேருக்கு மேல எடுத்து ஆராய்ஞ்சு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. மூணுல ரெண்டு பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதியிருக்காங்க. ஆன்டிபயாடிக் கெடைச்சவங்கள்ல கிட்டத்தட்ட 91 சதவீதம் பேர் 5 ஸ்டார் குடுத்திருக்காங்க, ஒரு மருந்தும் எழுதாம அனுப்பினப்ப அது சுமார் 72 சதவீதம் தான். சளிக்கு பெரும்பாலும் வைரஸ் தான் காரணம், ஆன்டிபயாடிக் அதை ஒண்ணும் பண்ணாது, டாக்டருக்கும் அது தெரியும். ஆனா அடுத்த வாரம் அவர் புரொஃபைல்ல என்ன நம்பர் தெரியும்னும் தெரியும். குழந்தைங்களை வச்சு 2019ல வந்த இன்னொரு ஆய்வுலயும் இதே மாதிரி தான், மூச்சு சம்பந்தமான நோய்க்கு, ஜனங்க நேரா தாங்களே கூப்பிடுற ஆன்லைன் டாக்டர் சேவைல 52 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக், அவசர கிளினிக்ல 42, வழக்கமா பாக்குற குழந்தை டாக்டர் கிட்ட 31. காது உள்ள பாக்க முடியல, தொண்டைல பஞ்சு வச்சு டெஸ்ட் எடுக்க முடியல, நெஞ்சுல ஸ்டெத் வைக்க முடியல, அப்ப சந்தேகத்துக்கு ஒண்ணு எழுதி வைப்போம்னு தோணுறது மனுஷ சுபாவம். சந்தேகம்னா எழுதாம இருக்குறதுக்கு தான் தைரியம் வேணும்.

ஒப்புதல் ஆயிடுச்சுன்னு வச்சுக்கோங்க, அடுத்து ப்ரிஸ்கிரிப்ஷன். பேப்பர்ல எழுதினதை போட்டோ எடுத்து அனுப்புறதுக்கும் எலக்ட்ரானிக்கா எழுதுறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. போட்டோவை பத்து ஃபார்மசிக்கு அனுப்பி பத்து தடவை மருந்து வாங்கலாம், தேதியை மாத்தலாம். உண்மையான மின்-ப்ரிஸ்கிரிப்ஷன் ஒரு பொது சர்வர்ல உக்காந்திருக்கும், ஒரு கடை மருந்தை குடுத்ததும் அங்கயே "குடுத்தாச்சு"ன்னு அடைஞ்சிடும், அப்புறம் வேற எங்க போனாலும் வேலைக்கு ஆகாது. சுவீடன்ல 1983லயே கம்ப்யூட்டர் வழியா ஃபார்மசிக்கு ப்ரிஸ்கிரிப்ஷன் அனுப்பிப் பாத்துட்டாங்க. எஸ்டோனியால 2010ல நாடு முழுக்க கொண்டு வந்தாங்க, அங்க எந்த ஃபார்மசிக்குள்ள போயி அடையாள அட்டையை நீட்டினாலும் உங்க மருந்து என்னன்னு அவங்க ஸ்க்ரீன்ல தெரியும். 2019ல இருந்து பின்லாந்து டாக்டர் எழுதின ப்ரிஸ்கிரிப்ஷனுக்கு எஸ்டோனியா ஃபார்மசில மருந்து வாங்கலாம். ஆஸ்திரேலியால 2020ல இருந்து எஸ்எம்எஸ்ல ஒரு க்யூஆர் கோடு வரும், அதை கடைல காட்டினா போதும். இந்த மாதிரி பொது அமைப்பு இருக்குற எடத்துல ஆன்லைன் டாக்டர் எழுதுறதும் நேர்ல பாத்த டாக்டர் எழுதுறதும் ஒரே குளத்துல வந்து விழுது. அது இல்லாத எடத்துல தான் முன்னாடி சொன்ன தீவு கதை.

ஃபார்மசிஸ்ட்ங்குறவர் மாத்திரையை எண்ணி போடுற ஆளுன்னு நெனைச்சிட்டிருக்கோம், ஆனா இந்த வரிசையில "வேணாம்"னு சொல்லக்கூடிய ரெண்டாவது ஆளு அவர் தான். டாக்டரோட பதிவு எண் நெஜமா, அளவு சரியா, இதே ஆளு போன வாரம் வேற மருந்து வாங்கினாரே அதுக்கும் இதுக்கும் ஒத்துக்குமான்னு பாத்துட்டு, இடிச்சா டாக்டருக்கு போன் அடிப்பார், தேவைன்னா குடுக்க மறுப்பார், அந்த உரிமை அவருக்கு இருக்கு. தனி கடையா இருந்தா இது வேலை செய்யுது. ஆனா இன்னிக்கு பெரிய சேவைங்க நெறைய பேர் விளம்பரம், ஃபார்ம், டாக்டர், ஃபார்மசி, கூரியர் எல்லாத்தையும் ஒரே கூரைக்கு கீழ வச்சிருக்காங்க. டாக்டரும் ஃபார்மசிஸ்ட்டும் ஒரே எடத்துல சம்பளம் வாங்கினா ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் புடிக்குற வேகம் குறையுமா குறையாதா, நீங்களே யோசிச்சுக்கோங்க.

அமெரிக்கால இதுக்கு ஒரு சட்ட சுத்தலும் இருக்கு, கேக்க வேடிக்கையா இருக்கும். அங்க பல மாநிலத்துல டாக்டர் அல்லாத கம்பெனி வைத்தியம் பாக்க கூடாது. அதனால டாக்டர் பேர்ல ஒரு தனி மருத்துவ நிறுவனம் இருக்கும், நம்ம கண்ணுக்கு தெரியுற பிராண்டு வந்து அதுக்கு "நிர்வாக சேவை" குடுக்குற கம்பெனி, சாஃப்ட்வேர், விளம்பரம், பில்லிங் எல்லாம் அவங்க வேலை, அதுக்கு கட்டணம் வாங்கிக்குவாங்க. காகிதத்துல டாக்டர் தான் முதலாளி. இன்னொண்ணு, டாக்டருக்கு லைசன்ஸ் எந்த ஊர்ல இருக்குங்குறதை விட நோயாளி அந்த நேரத்துல எங்க உக்காந்திருக்கார்ங்குறது தான் கணக்கு. ஃபார்ம்ல முதல் கேள்வியாவே "இப்ப எந்த மாநிலத்துல இருக்கீங்க"ன்னு கேக்குறது அதுக்குத்தான், டெலிவரி அட்ரஸுக்குன்னு நெனைச்சு ஊருக்கு போயிருக்கும்போது வீட்டு அட்ரஸ் போடுறவங்க நெறைய.

சட்டம்னு வந்துட்டதால போதை மருந்து விஷயத்தை சொல்லியே ஆகணும். ரயன் ஹெய்ட்னு கலிஃபோர்னியால ஒரு 18 வயசு பையன், 2001ல இறந்து போனான், தான் ஒரு தடவை கூட நேர்ல பாக்காத டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரையை ஆன்லைன்ல வாங்கி எடுத்திருந்தான். அவன் பேர்லயே 2008ல அமெரிக்கால ஒரு சட்டம் வந்துச்சு: அடிமைப்படுத்துற ஆபத்து இருக்குற கட்டுப்பாட்டு மருந்துன்னா ஒரு தடவையாவது நேர்ல பரிசோதிக்காம இன்டர்நெட் வழியா எழுத கூடாது. பன்னெண்டு வருஷம் ஓடுச்சு, 2020ல கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள்ள, அந்த நேர்ல பாக்குற நிபந்தனையை தற்காலிகமா எடுத்தாங்க, அப்புறம் அந்த தற்காலிகத்தை திரும்ப திரும்ப நீட்டிச்சாங்க. அந்த இடைவெளில ஏடிஹெச்டிங்குற கவனக்குறைவு நோய்க்கான ஊக்க மாத்திரைங்களை ஆன்லைன்ல எழுதுற கம்பெனிங்க வேகமா வளந்துச்சு. 2024 ஜூன்ல அதுல ஒண்ணான டன்ங்குற கம்பெனியோட நிறுவனரையும் மருத்துவத் தலைவரையும் கைது பண்ணினாங்க, டிஜிட்டல் மருத்துவக் கம்பெனி வழியா மருந்து எழுதினதுக்கு போதை மருந்து விநியோக வழக்கு போட்டது அமெரிக்க நீதித்துறைக்கு அது தான் முதல் தடவை. 4 கோடிக்கு மேல மாத்திரைன்னு குற்றச்சாட்டு. அதே நேரத்துல இன்னொரு பக்கத்தையும் மறக்க கூடாது, ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து, அடிமைத்தனத்துல இருந்து மீள்றதுக்கு குடுக்குற ப்யூப்ரெனார்ஃபினும் அதே கட்டுப்பாட்டு லிஸ்ட்ல தான் இருக்கு, பக்கத்துல டாக்டரே இல்லாத எடத்துல இருக்குறவங்க நெறைய பேருக்கு அந்த தளர்வால தான் அது கெடைச்சுச்சு. சட்டத்தை இறுக்குனாலும் அடி, தளர்த்தினாலும் அடி.

இந்தியா இதுல வேற மாதிரி வழியில போச்சு, எனக்கு அந்த வடிவம் பிடிக்கும். 2020 மார்ச் 25ல டெலிமெடிசின் வழிகாட்டுதல் வந்துச்சு, ஊரடங்கு ஆரம்பிச்ச அதே நாள். மருந்துங்களை லிஸ்ட்டா பிரிச்சுட்டாங்க. லிஸ்ட் ஓ, பாராசிட்டமால், ஓஆர்எஸ் மாதிரி, எந்த வழியில பேசினாலும் எழுதலாம், மெசேஜ் கூட போதும். லிஸ்ட் ஏ, முதல் தடவைன்னா வீடியோல பாத்துட்டு எழுதணும். லிஸ்ட் பி, ஏற்கனவே நேர்ல பாத்த நோயாளிக்கு அதே பிரச்சனைக்கு கூடுதலா சேக்குறது. அப்புறம் தடை லிஸ்ட், ரொம்ப கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்தும், போதை மருந்து, மனநிலை மாத்துற மருந்துங்களுக்கான சட்டத்துக்குள்ள வர்ற மருந்தும், தொடவே கூடாது. மருந்தோட ஆபத்து ஏற ஏற ஆளை பாக்க வேண்டிய அளவும் ஏறணும்ங்குற யோசனை அதுல இருக்கு. இன்னொரு வரியும் அதுல இருக்கு, ஏஐ டாக்டருக்கு உதவலாம், ஆனா அதுவா ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாதுன்னு. 2020லயே இதை எழுதி வச்சிருக்காங்க.

எடை குறைக்குற ஊசி வந்த பிறகு ஃபார்மோட வண்டவாளம் எல்லாம் வெளில வந்துடுச்சு. வீகோவி, மௌன்ஜாரோ மாதிரி ஊசிங்க ஒரு குறிப்பிட்ட பிஎம்ஐக்கு மேல இருந்தா தான், அதாவது உயரத்துக்கு எடை அந்த அளவை தாண்டி இருந்தா தான். அந்த எடையை யாரு சொல்றது? நம்மளே. சாப்பாட்டுக் கோளாறு இருக்குற, ஏற்கனவே எலும்பும் தோலுமா இருக்குற ஒரு பொண்ணு 95 கிலோன்னு போட்டா ஃபார்முக்கு எப்படி தெரியும். போட்டோ கேட்டா வேற ஆளோட போட்டோ. பிரிட்டன்ல அந்த ஃபார்மசி கவுன்சிலே 2025 பிப்ரவரில கடுமையாக்கிடுச்சு, எடை ஊசிக்கு ஆன்லைன் கேள்வித்தாள் மட்டும் போதாது, வீடியோலயோ நேர்லயோ மருத்துவ ரெக்கார்டுலயோ எடையை தனியா சரிபார்க்கணும்னு. அதே சமயம் அமெரிக்கால 2022ல இருந்து வீகோவி ஊசில இருக்குற மருந்தான செமாக்ளூடைடு தட்டுப்பாடு இருந்ததால, தட்டுப்பாடு இருக்கும்போது மருந்தை கலந்து தயாரிக்க சில ஃபார்மசிங்களுக்கு இருக்குற அனுமதியை வச்சு ஆன்லைன் சேவைங்க அதோட நகலை கொட்டி வித்தாங்க. 2025 பிப்ரவரில தட்டுப்பாடு தீந்துடுச்சுன்னு அரசு அறிவிச்சதும் அந்தக் கதவு மூட ஆரம்பிச்சுச்சு.

காசு எங்க இருந்து வருதுன்னு பாத்தா தான் மிச்ச எல்லாம் பிடிபடும். ஆலோசனைக் கட்டணம் ரொம்ப கம்மியா இருக்கும், சில எடத்துல இலவசம். வருமானம் மருந்துலயும் சந்தாவுலயும். ஒரு ஆளை விளம்பரம் போட்டு உள்ள கொண்டு வர்ற செலவு அதிகம், அந்த செலவை எடுக்க அந்த ஆளு பல மாசம் மருந்து வாங்கிட்டே இருக்கணும். அதான் மாசாமாசம் தேவைப்படுற மருந்தா பொறுக்கி எடுத்து விக்குறாங்கன்னு முன்னாடி சொன்னேன். ஆலோசனை இலவசம், மருந்து தான் காசுங்குற எடத்துல டாக்டர் "வேணாம்"னு சொன்னா கம்பெனிக்கு விளம்பரச் செலவு முழுக்க நஷ்டம். ஆலோசனைக்கு தனியா காசு வாங்கிட்டு, மருந்து எந்த கடைல வேணா வாங்கிக்கோன்னு ப்ரிஸ்கிரிப்ஷனை கையில குடுக்குற சேவைல அந்த நஷ்டம் இல்ல. ரெண்டுல எதுன்னு கேட்டா நான் காசு வாங்குறவங்க கிட்ட தான் போவேன், இலவசம்னா எனக்கு கொஞ்சம் வயித்தை கலக்கும்.

விளம்பரச் செலவுக்கு இன்னொரு பின்பக்கம், டேட்டா. அந்த ஃபார்ம் பக்கத்துல கண்ணுக்கு தெரியாத ட்ராக்கிங் பிக்சல் இருந்தா நீங்க எந்த மருந்தை பாத்தீங்க, எந்த கேள்வி வரைக்கும் போனீங்கங்குற தகவல் விளம்பரக் கம்பெனிக்கு போயிடும். கதையா சொல்லல, அமெரிக்க வணிக ஆணையம் 2023ல மருந்து தள்ளுபடி சேவையான குட்ஆர்எக்ஸ் மேல 15 லட்சம் டாலர் அபராதம், அதே வருஷம் ஆன்லைன் மனநல ஆலோசனை சேவையான பெட்டர்ஹெல்ப் கிட்ட இருந்து 78 லட்சம் டாலர்னு நடவடிக்கை எடுத்துச்சு. செரிப்ரல்ங்குற மனநல சேவை தன்னோட 31 லட்சம் பேர் தகவல் இப்படி வெளில போனதா 2023ல அதுவே அறிவிச்சுச்சு. டாக்டர் கிட்ட சொன்னா ரகசியம்ங்குற நெனைப்புல தான நாம அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் போட்டோம்.

டாக்டரே இல்லாம, ப்ரிஸ்கிரிப்ஷனே கேக்காம மருந்து அனுப்புற தளங்களை பத்தி தனியா எழுத ஒண்ணுமில்ல, அது திருட்டு, அவ்ளோதான். இன்டர்போல் 2008ல இருந்து பாஞ்சியான்னு பேர் வச்சு உலகம் முழுக்க ரெய்டு பண்ணிட்டு தான் இருக்கு. ப்ரிஸ்கிரிப்ஷன் கேக்குதா, எழுதின டாக்டரோட பேரும் பதிவு எண்ணும் வருதா, அந்த எண்ணை மருத்துவக் கவுன்சில் தளத்துல போட்டா அதே பேர் வருதா, ஃபார்மசிஸ்ட் கிட்ட பேச வழி இருக்கா. இது நாலுல ஒண்ணு இல்லைன்னாலும் மூடிட்டு வந்துடுங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2015 ஜூலைல இருந்து சட்டப்படியான ஆன்லைன் கடைங்க ஒரு பொது லோகோ போடணும், அதை சும்மா பாத்தா பத்தாது, தட்டினா அரசு தளத்துல அந்த கடை பேருக்கு போய் நிக்கணும். படமா ஒட்டி வைக்க யாருக்கும் முடியும்.

திட்டிட்டே இருக்கேன்னு நெனைக்காதீங்க. நடக்க முடியாதவங்க, கைக்குழந்தையை வச்சிருக்குறவங்க, லீவு கெடைக்காத வேலைல இருக்குறவங்க, வருஷக்கணக்கா அதே பிரஷர் மாத்திரை எடுக்குறவங்க, இவங்களுக்கெல்லாம் இது பெரிய உபகாரம். எங்க அம்மா தைராய்டு மாத்திரைக்காக மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரை நாள் காத்துக் கெடப்பாங்க, இப்ப ரத்த ரிப்போர்ட்டை ஏத்திட்டு வீடியோல ஆறு நிமிஷம் பேசுறாங்க, அந்த டாக்டரம்மா ரிப்போர்ட் பழசா இருந்தா "புதுசா எடுத்துட்டு வாங்கம்மா, அப்புறம் எழுதுறேன்"னு திருப்பி அனுப்பிடுவாங்க. அம்மாவுக்கு அது எரிச்சல். எனக்கு அதனால தான் அந்த சேவை மேல நம்பிக்கை.

என் மாத்திரை கதையை முடிக்கல இல்ல. மூணு மாசம் கழிச்சு மறுபடி டப்பா அனுப்புற நேரம் வந்துச்சு, ஒரு மெசேஜ், "கடைசியா பாத்ததுக்கு அப்புறம் உங்க உடல்நிலைல ஏதாவது மாற்றம் உண்டா?" கீழ "இல்லை"ங்குறதுல அவங்களே டிக் போட்டு வச்சிருந்தாங்க, நான் ஒண்ணும் பண்ணலைன்னா மூணு நாள்ல காசு எடுத்துட்டு அனுப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா தூக்கம் சரியில்ல, மனசு ஒரு மாதிரி கனமா இருந்துச்சு, மாத்திரையாலயா வேற எதாலயான்னு தெரியல. டிக்கை எடுத்துட்டு எல்லாத்தையும் எழுதினேன், முதல் தடவை பதிலை மாத்தினதையும் சேத்து எழுதினேன். சாயங்காலம் பதில் வந்துச்சு, வேற ஒரு டாக்டர். "மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்க, புதுசா நான் எழுதப் போறதில்ல, இந்த வாரத்துக்குள்ள ஒரு டாக்டரை நேர்ல பாருங்க, உயிரை மாய்ச்சுக்கணும்ங்குற மாதிரி எண்ணம் வந்தா காத்திருக்காம உடனே அவசர உதவிக்கு கூப்பிடுங்க"ன்னு நாலு வரி. அடுத்த நாள் காலைல அதே சேவைல இருந்து இன்னொரு மெயில்: "உங்க சிகிச்சை பாதில நிக்குது, இப்பவே தொடருங்க, 20 சதவீதம் தள்ளுபடி."